ஷெர்ரி பாரில் தாபாஸ் சாப்பிடுவது எப்படி

ஸ்பெயினின் தென்மேற்கே, அண்டலூசியாவின் காதிஸ் மாகாணத்தில், ஹெரெஸ் தெ லா ஃப்ரோன்தெரா, சான்லூகர் தெ பர்ரமேதா, எல் புவெர்த்தோ தெ சாந்தா மரியா ஆகிய மூன்று ஊர்களைச் சுற்றியுள்ள வெண்சுண்ணாம்பு மண்ணில் விளையும் திராட்சையிலிருந்துதான் ஷெர்ரி என்னும் ஒயின் பிறக்கிறது. அதைக் கடையில் வாங்கி, வெறும் வயிற்றில் ஒரு வாய் அருந்திவிட்டு, துளிகூட இனிப்பில்லையே என்று மூடிவைத்துவிடுபவர்கள் பலர் உண்டு. உப்பில் ஊறிய ஓர் ஆலிவைக் கடித்த வாயில், அல்லது அப்போதுதான் எண்ணெயிலிருந்து எடுத்த மீனைத் தின்ற வாயில் அதே மதுவை ஊற்றிப் பார்த்தால், அது உணவுக்காகவே உருவான மது என்பது உடனே விளங்கிவிடும். ஆகவே ஷெர்ரி பாரில் நன்றாகச் சாப்பிடுவதற்கு வேண்டிய முதல் பழக்கம், எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கேட்டுவிடாமல் இருப்பதாகும். ஒரு கோப்பை, அதற்கு ஏற்ற ஒரு தட்டு, அது முடிந்த பிறகு அடுத்த கோப்பை, அடுத்த தட்டு என்று போனால் மற்றவை பெரும்பாலும் தாமாகவே ஒழுங்குக்கு வந்துவிடும்.

நேரம் தவறினால் நல்ல பாரும் ஏமாற்றிவிடும். ஸ்பெயினில் மதிய உணவு பிற்பகல் 2 மணிக்கு முன் தொடங்குவது அரிது. இரவு உணவு 9 மணிக்கு மேல்தான். தாபாஸ் எனப்படும் சிறு தட்டு உணவுகளுக்கான கூட்டம் இவற்றுக்குச் சற்று முன்னதாகவே கூடத் தொடங்கும். மாலை 4 மணிக்கும் 8 மணிக்கும் இடையில் பல இடங்களில் அடுப்பை அணைத்துவிடுவார்கள். கதவு திறந்திருந்தாலும் சீஸ், ஆலிவ், வெட்டி வைத்த இறைச்சி போன்ற குளிர்ந்த பண்டங்கள் மட்டுமே கிடைக்கும். ஞாயிறு இரவும் திங்கட்கிழமையும் மூடியிருக்கும் இடங்களும் மிகுதி. பகல் 1 மணியளவில் போவதையே நான் பரிந்துரைப்பேன்: கவுன்ட்டரில் இடம் இருக்கும், சமையலறை அப்போதுதான் சூடேறியிருக்கும், ஃபீனோ என்னும் வெளிர் நிற ஷெர்ரியைக் குளிரக் குளிர அருந்தவும் அதுவே உகந்த வேளை.

ஷெர்ரியை மையமாகக் கொண்ட பார்களில் ஹெரெஸ் நகரத்துத் தபாங்கோக்கள் தனித்தன்மை உடையவை. கவுன்ட்டருக்குப் பின்னால் கருத்த பீப்பாய்கள் அடுக்கப்பட்டிருக்கும். மது அவற்றிலிருந்து நேரே கோப்பைக்கு வரும். 1925இல் தொடங்கிய எல் பசாஹே இவற்றில் பெயர் பெற்றது. அங்கே ஃபிளமெங்கோ பாட்டும் ஆட்டமும் நடைபெறும். தபாங்கோக்களில் உணவு பெரும்பாலும் எளிமையானது. மெல்லியதாகச் சீவிய பன்றி வயிற்றுக் கறியான சிச்சரோன், காதிஸ் மலைப்பகுதியின் பயோயோ ஆட்டுப்பால் சீஸ், உப்பிட்டு உலர்த்திய சூரை மீன் போன்றவை காகிதத்தின் மீதோ சிறு தட்டிலோ வந்து சேரும். செவில் நகரத்தில் 1670ஆம் ஆண்டிலிருந்து இயங்கிவரும் எல் ரின்கோன்சியோ போன்ற பழைய இடங்களில் சுடச்சுடச் சமைத்த தாபாஸும் உண்டு. மாட்ரிட்டில், எச்செகராய் தெருவிலுள்ள லா வெனென்சியா ஷெர்ரியைத் தவிர வேறு மது எதையும் விற்பதில்லை. தெற்கே போக வாய்ப்பில்லாதவர்கள் தலைநகரிலேயே ஷெர்ரியை முறையாகப் பழகிக்கொள்ள அதைவிடப் பொருத்தமான இடம் இல்லை என்பேன்.

உள்ளே நுழைந்ததும் யாராவது வந்து அமர வைப்பார்கள் என்று காத்திருக்க வேண்டாம். கவுன்ட்டரில் தோள் நுழையும் அளவுக்கு இடைவெளி தெரிந்தால் அங்கே போய் நின்று, சிப்பந்தியின் கண்ணில் படும்படி இருந்து, முகமன் கூறினால் போதும். நிற்பது சிரமம் என்றால் மேசையில் அமரலாம். ஆனால் சில இடங்களில் மேசைக்கு, அதிலும் வெளி முற்றத்து மேசைக்கு, விலை கூடுதலாக இருக்கும். வேறு சில இடங்களில் மேசையில் முழுத் தட்டுகள் மட்டுமே தருவார்கள், சிறு தாபா கவுன்ட்டரில்தான் கிடைக்கும். உடல்நிலை இடம் கொடுத்தால் நின்றே சாப்பிடுங்கள். கண்ணாடிப் பேழைக்குள் இருப்பதை விரலால் காட்டிக் கேட்கலாம், பக்கத்தில் நிற்பவரின் தட்டைப் பார்த்து முடிவு செய்யலாம், அடுத்த கோப்பைக்கு யாரையும் கையசைத்து அழைக்க வேண்டியிராது.

கோப்பைக்குள் இருப்பது

ஷெர்ரியின் வகைகளை ஓரளவு அறிந்துகொண்டால்தான் எதனோடு எதைக் கேட்பது என்பது புரியும். இனிப்பில்லாத வகைகள் பெரும்பாலும் பாலோமினோ என்னும் ஒரே வெள்ளைத் திராட்சையிலிருந்து வருபவை. அவற்றுக்கிடையிலான வேறுபாடு பீப்பாய்க்குள் நடப்பதால் உண்டாகிறது. ஃபீனோவுக்கென்று ஒதுக்கிய மதுவில் ஆல்கஹாலை ஏறத்தாழ 15 சதவீதத்துக்குக் கொண்டுவந்து, 600 லிட்டர் பிடிக்கும் பீப்பாயில் ஏறக்குறைய 500 லிட்டர் மட்டும் ஊற்றி வைப்பார்கள். மேலே விட்ட வெற்றிடத்தில் மதுவின் பரப்பின் மீது ஈஸ்ட் வளர்ந்து வெளிர் நிறப் படலமாக மூடிக்கொள்ளும். ஃப்ளோர் எனப்படும் அந்தப் படலம் காற்று மதுவைத் தொடாமல் தடுக்கிறது. மதுவுக்கு வழவழப்பைத் தரும் கிளிசராலையும் அதுவே தின்று தீர்த்துவிடுகிறது. அதனால்தான் ஃபீனோ வைக்கோல் நிறத்தில், பச்சை ஆப்பிளும் ரொட்டி மாவும் பாதாமும் கலந்த மணத்தோடு, நாக்கில் கனம் எதுவும் இல்லாமல் கூர்மையாக இருக்கிறது.

இதே மது குவாதல்கிவிர் ஆறு கடலில் கலக்கும் சான்லூகரில் முதிர்ந்தால் அதற்குப் பெயர் மன்சனீயா. கடற்காற்றின் ஈரத்தில் அங்கே படலம் தடித்து வளர்கிறது. மதுவும் இன்னும் மென்மையாக, உப்புச் சுவை எட்டிப் பார்ப்பதாக அமைகிறது. படலத்தின் கீழ் சில ஆண்டுகள் இருந்து, பிறகு படலம் மறைந்து காற்றுபட முதிர்வது அமோன்டியாதோ; அது தேன் நிறமும் வறுத்த கொட்டை மணமும் உடையது. தொடக்கத்திலேயே ஆல்கஹாலை 17 சதவீதத்துக்கு மேல் உயர்த்தினால் ஈஸ்ட் பிழைக்காது. முழுக்க முழுக்கக் காற்றோடு உறவாடி முதிரும் அந்த மது ஓலோரோசோ. மணத்தில் அமோன்டியாதோவையும் நாக்கில் ஓலோரோசோவையும் நினைவூட்டுகிற, அளவில் மிகக் குறைவான வகை பாலோ கோர்தாதோ. ஓலோரோசோவின் மணத்தை முகர்ந்தால் அக்ரூட் கொட்டையும் உலர் பழமும் தோன்றுவதால் இனிப்பாக இருக்கும் என்றே எவரும் எண்ணுவார்கள். வாயில் வைத்தால் இனிப்பு இராது. இந்த முரண் எனக்கு மிகவும் பிடித்தமானது, மாமிச உணவுக்கு அது பொருந்துவதற்குக் காரணமும் இதுவே.

இனிப்பு வகைகளில் க்ரீம் என்பது ஓலோரோசோவில் இனிப்பு மதுவைக் கலந்தது. பெத்ரோ ஹிமேனெஸ் என்பதோ அதே பெயருள்ள திராட்சையை வெயிலில் காயவைத்துப் பிழிந்தது. லிட்டருக்கு 212 கிராமுக்குக் குறையாத சர்க்கரையோடு பாகு போலக் கருத்து நிற்கும். அதை உணவின் முடிவுக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எந்த ஆண்டின் மது என்று மட்டும் கேட்க வேண்டாம். ஷெர்ரி பெரும்பாலும் அடுக்கு முறையில் முதிர்கிறது. தரையோடு இருக்கும் வரிசையிலிருந்து சிறிதளவு எடுத்துப் புட்டியில் அடைத்துவிட்டு, அந்தக் குறையை மேல் வரிசை மதுவால் நிரப்பி, அதன் குறையை அதற்கு மேலுள்ளதால் நிரப்பி வருவார்கள். எந்தப் பீப்பாயும் முழுவதுமாகக் காலியாவதில்லை என்பதால் ஒவ்வொரு கோப்பையிலும் பல ஆண்டுகளின் மது கலந்திருக்கும். வயதை அறிய விரும்பினால் வேறு வழி இருக்கிறது: சராசரி வயது 20 ஆண்டுக்கு மேற்பட்டவை என்று சான்று பெற்ற புட்டிகளில் வி.ஓ.எஸ். என்றும், 30 ஆண்டுக்கு மேற்பட்டவற்றில் வி.ஓ.ஆர்.எஸ். என்றும் குறித்திருப்பார்கள். இவை விலை உயர்ந்தவை; ஒரு சிறு கோப்பை போதும், அதையும் மெதுவாக அருந்த வேண்டும்.

கேட்கும் முறை

ஷெர்ரி என்றோ ஹெரெஸ் என்றோ பொதுவாகக் கேட்டால் எந்த வகை என்ற கேள்விதான் திரும்பி வரும். “உனா கோபா தெ ஃபீனோ, போர் ஃபாவோர்” என்று வகையைச் சொல்லிக் கேளுங்கள். மன்சனீயா வேண்டுமென்றால் கோபா, அதாவது கோப்பை என்ற சொல்லைக் கட்டாயம் சேர்த்துக்கொள்ளுங்கள். வெறுமனே மன்சனீயா என்றால், அதிலும் தெற்குக்கு வெளியே, சீமைச் சாமந்தித் (கமோமில்) தேநீர் வந்து நிற்கக்கூடும்.

அடுத்துக் கவனிக்க வேண்டியவை குளிர்ச்சியும் புதுமையும். ஃபீனோவும் மன்சனீயாவும் ஏறத்தாழ 7 முதல் 9 டிகிரி குளிர்ச்சியில் வர வேண்டும். அமோன்டியாதோவுக்கும் ஓலோரோசோவுக்கும் 12 முதல் 14 டிகிரி போதும். படலத்தின் பாதுகாப்பில் வளர்ந்த ஃபீனோ, புட்டியைத் திறந்து காற்றுபட்டதும் நாளுக்கு நாள் மங்கத் தொடங்கிவிடும். ஷெர்ரி அதிகம் விற்கும் பாரில் இந்தக் கவலை இல்லை, ஏனென்றால் திறந்த புட்டி அன்றே தீர்ந்துவிடும். மற்ற இடங்களில், கவுன்ட்டரின் மேல் வெப்பத்தில் பாதிப் புட்டி நின்றுகொண்டிருப்பதைக் கண்டால் அதை விட்டுவிட்டு அமோன்டியாதோவுக்குப் போய்விடுவது நல்லது. அது சில வாரம் தாங்கும். இருவராகச் சென்றால் இதைவிட நல்ல வழியும் இருக்கிறது. அண்டலூசியாவில் ஃபீனோவும் மன்சனீயாவும் 37.5 சென்டிலிட்டர் அரைப் புட்டியாகவும் கிடைக்கும். “மேதியா போதேயா” என்று கேட்டால் உங்கள் முன்னாலேயே திறந்து, பனிக்கட்டி நிரப்பிய வாளியில் வைத்துத் தருவார்கள். விலையும் கட்டுப்படியாகும், மதுவும் புதிதாக இருக்கும்.

கோப்பையைப் பொறுத்தவரை, வாய் குறுகிய பழைய சிறு கோப்பையில் தந்தாலும் வெள்ளை ஒயின் கோப்பையில் தந்தாலும் வாங்கிக்கொள்ளலாம். மணம் விரிய இடம் இருப்பதால் பின்னதையே நான் விரும்புவேன். அதன் தண்டைப் பிடித்துக்கொள்ளுங்கள், கிண்ணப் பகுதியைப் பிடித்தால் கைச்சூடு குளிர்ச்சியைக் கெடுத்துவிடும். சில விழாக்களிலும் மதுச்சாலைகளிலும் வெனென்சியா என்னும் நீண்ட காம்புள்ள சிறு கிண்ணியால் பீப்பாயிலிருந்து மதுவை முகந்து ஊற்றுவதைக் காணலாம். ஊற்றுபவர் கிண்ணியைப் பீப்பாயின் துளைக்குள் நேராக இறக்கி, ஒரே வீச்சில் மேலே எடுத்துத் தலைக்கு மேல் உயர்த்தி, இடுப்பளவில் பிடித்த கோப்பைக்குள் நூலிழையாக விழவைப்பார். கிண்ணி படலத்தைக் கலைக்காமல் துளைத்துச் செல்ல வேண்டும் என்பதற்காகவே அது அவ்வளவு குறுகலாகச் செய்யப்பட்டிருக்கிறது.

உணவின் அளவைச் சொல்லும் சொற்கள் மூன்று. தாபா என்பது ஒருவருக்கான சிறு தட்டு. மேதியா ராசியோன் என்பது அரைத் தட்டு. ராசியோன் என்பது பலர் பகிர்ந்துகொள்ளும் முழுத் தட்டு. இருவருக்கு ஒரு சுற்றில் இரண்டு தாபாக்கள் போதும். கிரனாதா, அல்மேரியா, ஹாயென் பகுதிகளில் மதுவோடு ஒரு தாபா இலவசமாகவே வரும். செவிலிலும் ஹெரெஸிலும் பொதுவாகக் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும், ஆலிவ் சில மட்டும் கேட்காமலே வரலாம். கேட்காமல் வைக்கப்படும் ரொட்டிக்கும் பீகோஸ் எனப்படும் மொறுமொறு ரொட்டித் துண்டுகளுக்கும் தலைக்கு இவ்வளவு என்று கணக்கில் சேர்ப்பது வழக்கம். அதைக் கண்டு திகைக்க வேண்டாம்.

எதனோடு எது

நீந்துவதோடு ஃபீனோ, பறப்பதோடு அமோன்டியாதோ, ஓடுவதோடு ஓலோரோசோ என்று ஷெர்ரி வட்டாரத்தில் ஒரு வழக்கு உண்டு. தொடக்கத்துக்கு அது போதுமான வழிகாட்டி. ஆனால் அதையே சட்டமாக்கிக்கொண்டால் பல நல்ல சேர்க்கைகளை இழக்க நேரும்.

முதல் கோப்பை ஃபீனோவோ மன்சனீயாவோ ஆகட்டும். அதோடு ஆலிவ், உப்பிட்டு வறுத்த பாதாம், வினிகரில் ஊறி வெண்மையான நெத்திலி ஆகியவற்றில் ஒன்றைக் கேளுங்கள். வினிகரும் உப்பும் மிகுந்த இந்தப் பண்டங்களோடு பெரும்பாலான ஒயின்கள் தோற்றுப்போகும், ஃபீனோ தோற்பதில்லை. இபேரிக்கோ ஹமோன் எனப்படும் பன்றித் தொடையும் இந்தச் சுற்றுக்கே உரியது. அதன் தரத்தை அறிய, தொடையின் கணுக்காலில் கட்டியிருக்கும் பட்டையின் நிறத்தைப் பாருங்கள். கறுப்பு என்றால் ஓக் மரக் கொட்டை தின்று வளர்ந்த நூறு சதவீத இபேரிக்கோ இனம். சிவப்பு என்றால் அதே தீனி, ஆனால் கலப்பினம். பச்சையும் வெள்ளையும் தீவனத்தில் வளர்ந்தவை, பச்சைப் பட்டைப் பன்றிகள் திறந்த வெளியிலும் மேய்ந்தவை. கறுப்புப் பட்டை ஹமோனைக் கையால் சீவித் தரும் இடத்தில் அரைத் தட்டு வாங்குவது செலவுக்குத் தகுந்த பயன் தரும். சீவிய துண்டின் கொழுப்பு அறையின் வெப்பத்திலேயே உருகிப் பளபளக்க வேண்டும். குளிர்ப்பெட்டியிலிருந்து நேராக வந்தால் சற்று நேரம் தட்டிலேயே விட்டுவிடுங்கள்.

பொரித்த மீனுக்கு ஃபீனோவை விஞ்சியது இல்லை. காதிஸ் கரையோரத்தின் பெருமையான தோர்த்தியீத்தா தெ கமரோனெஸ் என்னும் கூனி இறால் அடையை இங்கே தனியாகச் சொல்ல வேண்டும். கோதுமை மாவும் கொண்டைக்கடலை மாவும் கலந்து நீர்க்கக் கரைத்து, பொடியாக நறுக்கிய வெங்காயமும் பார்ஸ்லி இலையும் சேர்த்து, ஓடோடு கூடிய முழுக் கூனி இறாலைப் போட்டுக் கலக்கி, ஒரு கரண்டி மாவைக் கொதிக்கும் எண்ணெயில் விரித்து ஊற்றுவார்கள். மாவு விழுந்ததும் நுரைத்துப் பரந்து, ஓரங்கள் சரிகை போலத் துளைதுளையாகப் பொரியும். இறால்கள் கண் தெரிய அதில் பதிந்திருக்கும். தட்டில் வந்ததும் கையால் உடைத்துச் சாப்பிட வேண்டும். கத்தியும் முள்கரண்டியும் தேடிக்கொண்டிருந்தால் அது ஆறி நமத்துவிடும். சான்லூகரில், கபில்தோ சதுக்கத்திலுள்ள காசா பல்பீனோ இந்த அடைக்காகவே பெயர் பெற்றது. சிறு சுறாத் துண்டுகளை வினிகர், சீரகம், பூண்டு, ஒரிகானோ சேர்த்து ஊறவைத்துப் பொரிக்கும் அதோபோவும் இதே வரிசையில் வைக்கத் தக்கது. இவற்றை வரவழைத்துவிட்டு உரையாடலில் ஆழ்ந்துவிடாதீர்கள்.

இரண்டாம் சுற்றுக்கு அமோன்டியாதோவுக்கு மாறுங்கள். காய்கறிகளோடு ஒயின் சேராது என்பதற்கு எப்போதும் உதாரணம் காட்டப்படும் ஆர்ட்டிசோக்கும் அஸ்பாரகஸும் இந்த மதுவோடு இணக்கமாகிவிடுகின்றன. காளான் வதக்கல், கோழி, செவிலில் எங்கும் கிடைக்கும் கீரையும் கொண்டைக்கடலையும் சேர்ந்த எஸ்பினாகாஸ் கோன் கர்பான்சோஸ் ஆகியவையும் இதற்கு உரியவை. மொஹாமா என்னும் உலர்ந்த சூரை மீனையும் நான் இங்கேதான் சேர்ப்பேன். காதிஸ் மாகாணத்தின் பர்பாத்தே, சஹாரா தெ லோஸ் அதூனெஸ் கடற்கரைகளில் வசந்த காலத்தில் வலைக்கூண்டு கட்டிப் பிடிக்கும் சூரையின் முதுகுச் சதையை உப்பிட்டுக் காற்றில் உலர்த்தி, மெல்லியதாக அரிந்து, மேலே ஆலிவ் எண்ணெய் விட்டுத் தருவார்கள். நீந்துவதற்கு ஃபீனோ என்ற வழக்கை மீறி அமோன்டியாதோவோடு அதைச் சாப்பிட்டுப் பாருங்கள். உலர்ந்த மீனின் ஆழ்ந்த சுவைக்கு அந்தக் கொட்டை மணமே ஈடுகொடுக்கிறது.

பசி இன்னும் இருந்தால் மூன்றாவதாக ஓலோரோசோ. நெடுநேரம் வெந்த மாட்டு வால் கறி, ஷெர்ரியிலேயே வேகவைத்த பன்றிக் கன்னக் கறி, நன்கு முதிர்ந்த ஆட்டுப்பால் சீஸ் ஆகியவை அதற்கு இணை. இந்த இடத்தில் ஃபீனோவுக்குத் திரும்பிப் போக நினைத்தால் அது தண்ணீராகத் தோன்றும். மென்மையானதிலிருந்து கனமானதை நோக்கிப் போவதற்குக் காரணம் இதுதான். இறுதியில் பெத்ரோ ஹிமேனெஸை நீல நரம்போடிய சீஸோடு அருந்தலாம், அல்லது வெனிலா ஐஸ்கிரீம் மீது சிறிது ஊற்றிச் சாப்பிடலாம். சர்க்கரை மிகுந்த வேறு இனிப்புப் பண்டங்களோடு அது திகட்டிவிடும்.

கடலுணவில் ஓர் எச்சரிக்கை. சான்லூகரின் புகழ்பெற்ற இறால் முதலிய உயர்ந்த வகைகளுக்கு, பட்டியலில் விலைக்குப் பதிலாகச் சந்தை விலை என்றோ 100 கிராமுக்கு இவ்வளவு என்றோ குறித்திருப்பார்கள். எடையைச் சொல்லி, மொத்தம் எவ்வளவு ஆகும் என்று கேட்டுக்கொண்ட பிறகே சம்மதியுங்கள். அப்படிக் கேட்பதை அங்கே யாரும் தவறாக எண்ணுவதில்லை.

புலால் உண்ணாதவர்களும் மது அருந்தாதவர்களும்

சைவ உணவுக்காரர்கள் இந்த பார்களில் பட்டினி கிடக்க வேண்டியதில்லை, ஆனால் விழிப்பாக இருக்க வேண்டும். இறைச்சி வேண்டாம் என்று மட்டும் சொன்னால் ஹமோனும் சூரையும் அதில் அடங்குவதாகப் பலர் எடுத்துக்கொள்வதில்லை. “சின் கார்னே, சின் ஹமோன், சின் பெஸ்காதோ” என்று இறைச்சி, ஹமோன், மீன் மூன்றையும் பெயர் சொல்லி விலக்குங்கள். தக்காளியும் ரொட்டியும் அரைத்த கொர்தோபா நகரத்துச் சல்மோரேஹோ மேலே ஹமோனும் முட்டையும் தூவித்தான் வரும். தூவ வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம். உருளைக்கிழங்குச் சாலட்டுகளில் சூரை கலந்திருக்கும், க்ரோக்கெத்தா உருண்டைகளில் ஹமோன் இருக்கும். பொரித்த கத்திரிக்காய் மீது கரும்புப் பாகு ஊற்றியது, உருளைக்கிழங்கும் முட்டையும் சேர்ந்த தோர்த்தியா, பொரித்த பச்சை மிளகாயான பத்ரோன், சீஸ், பாதாம், மேலே சொன்ன கீரையும் கொண்டைக்கடலையும் ஆகியவை பொதுவாகப் பொருந்தும். முட்டையும் விலக்குபவர்கள் தோர்த்தியாவைத் தவிர்க்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியச் சட்டப்படி 14 ஒவ்வாமைப் பொருள்களைப் பற்றிய விவரத்தை உணவகங்கள் தர வேண்டும் என்பதால், ஐயம் இருந்தால் அந்தப் பட்டியலைக் காட்டும்படி கேட்கலாம். மீனும் முட்டையும் பாலும் அதில் அடங்கும், இறைச்சி அடங்காது.

மது அருந்தாதவர்களுக்கு மோஸ்தோ என்னும் திராட்சைச் சாற்றை மாட்ரிட்டிலும் வடக்கிலும் தயங்காமல் கேட்கலாம். ஹெரெஸ் பகுதியில் மட்டும் கவனம் வேண்டும்: இலையுதிர் காலத்தில் அங்கே மோஸ்தோ என்று விற்பது புளித்து முடிந்த புது மதுவாகவே இருக்கும். ஆல்கஹால் இல்லாத பீர் எங்கும் கிடைக்கும். ஆனால் “சின்” எனப்படுவதில் ஒரு சதவீதத்துக்கும் குறைவான ஆல்கஹால் இருக்கலாம் என்பதால், அறவே வேண்டாதவர்கள் “சேரோ சேரோ” என்று கேட்க வேண்டும். பன்றிக் கன்னக் கறி போன்ற குழம்புகளில் ஷெர்ரி சேர்ந்திருப்பதையும் நினைவில் கொள்ளுங்கள். குழாய்த் தண்ணீரை இலவசமாகத் தர வேண்டும் என்று 2022ஆம் ஆண்டின் சட்டம் சொல்கிறது. “அகுவா தெல் க்ரீஃபோ” என்று கேட்டுப் பெறலாம். அருந்துபவர்களுக்கும் இது தேவையே, ஏனென்றால் ஃபீனோவின் ஆல்கஹால் சாதாரண ஒயினைவிடக் கூடுதல், குளிர்ச்சியில் அது தெரியாது. கோப்பைக்குக் கோப்பை தண்ணீர் குடியுங்கள், வண்டி ஓட்டாதீர்கள். செவில், ஹெரெஸ், எல் புவெர்த்தோ, காதிஸ் நான்கும் ஒரே ரயில் பாதையில் இருக்கின்றன. சான்லூகருக்கு ரயில் இல்லை, பேருந்தில்தான் போக வேண்டும்.

பழக்கமும் கணக்கும்

தபாங்கோவில் ஃபிளமெங்கோ தொடங்கிவிட்டால் பேச்சை நிறுத்திவிடுங்கள். கோப்பை வேண்டுமென்றால் பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில் கேளுங்கள். தாளம் தெரியாமல் கைதட்டிச் சேர்ந்துகொள்வது பாடுபவருக்கு இடைஞ்சல். லா வெனென்சியாவில் படம் எடுக்க அனுமதி இல்லை, டிப்ஸும் வாங்குவதில்லை. அந்த விதிகளுக்கு மதிப்புக் கொடுங்கள். மற்ற இடங்களிலும் டிப்ஸ் கட்டாயமில்லை. மீதிச் சில்லறையை விட்டுவருவதும், மேசையில் அமர்ந்து நிறைவாகச் சாப்பிட்டிருந்தால் ஓரிரு யூரோ வைப்பதும் போதும்.

பணத்தை ஒவ்வொரு சுற்றுக்கும் கொடுக்க வேண்டியதில்லை, கடைசியில் கொடுத்தால் போதும். எல் ரின்கோன்சியோவிலும் லா வெனென்சியாவிலும் சிப்பந்தி உங்கள் முன்னால் கவுன்ட்டர் மரத்தின் மீதே சுண்ணக்கட்டியால் தொகையை எழுதிக்கொண்டு போவார். அந்த எண்களின் மேல் கையையோ தட்டையோ வைத்து அழித்துவிடாதீர்கள். “மே கோப்ரா, போர் ஃபாவோர்” என்றதும் கூட்டிச் சொல்லிவிட்டு, ஈரத்துணியால் ஒரே துடைப்பாகத் துடைத்துவிடுவார். பழைய இடங்களுக்குப் போகும்போது ரொக்கம் வைத்திருப்பது நல்லது. நண்பர்கள் கூட்டமாக வந்தால் ஒரு சுற்றுக்கு ஒருவர் என்று மாறி மாறிக் கொடுப்பதே அங்கே இயல்பு. தட்டு வாரியாகப் பங்கு பிரிக்கச் சொன்னால் சிப்பந்திக்கு வேலை பெருகும்.

அருந்தியது பிடித்துப்போய்ப் புட்டி வாங்க விரும்பினால், ஃபீனோவில் “என் ராமா” என்று குறித்ததைத் தேடுங்கள். மிகக் குறைவாகவே வடிகட்டியிருப்பார்கள் என்பதால் பீப்பாயில் இருந்த தன்மைக்கு அது நெருக்கமானது. புட்டியில் அடைத்த தேதி அச்சிட்டிருந்தால் அண்மையில் அடைத்ததையே எடுங்கள். திறந்த பிறகு ஃபீனோவையும் மன்சனீயாவையும் ஃப்ரிட்ஜில் வைத்து ஒரு வாரத்துக்குள் முடித்துவிட வேண்டும்; அமோன்டியாதோ சில வாரமும், ஓலோரோசோ ஓரிரு மாதமும், பெத்ரோ ஹிமேனெஸ் அதைவிடக் கூடுதலாகவும் தாங்கும். புட்டிகளைப் படுக்க வைக்காமல் நிமிர்த்தியே வையுங்கள். அப்போதுதான் மதுவின் பரப்பில் காற்றுபடும் இடம் குறைவாக இருக்கும்.